ஏழு நிமிடம் முன்னால் வந்தவள்

அவள் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தென்னைமரத்தைப் பார்க்க வேண்டும். அது சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால், அவளே போட்டது. மேனேஜர் வந்து நின்றாலும் அதேதான். அந்த நாலு நொடிக்குள் கைக்குட்டையை விரித்துக் கீபோர்டின் மேல் போட்டு, அதற்கடியில் விரல்களை விட்டுத் தட்டுவாள். “ம், ஆச்சு” என்ற பிறகுதான் நாங்கள் திரும்பலாம். இரண்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்த புண்ணியத்தில், அந்த மரம் எப்போது குலை தள்ளியது, எப்போது மட்டை விழுந்தது எல்லாம் எனக்கு மனப்பாடம்.

திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்துப் பக்கம் எங்கள் ஆபீஸ். புது நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. முப்பது பேர் இருந்த இடத்தில் தமிழ் வீட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவள் கரமனை அக்ரஹாரத்துப் பெண். நான் பாறசாலைக்காரன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவள் தமிழ் ஒரு மாதிரி, என் தமிழ் வேறு மாதிரி. எது புரியவில்லையோ அதை மலையாளத்தில் சொல்லிச் சரிக்கட்டிக்கொள்வோம்.

சந்தேகத்துக்கு மலையாளத்தில் எல்லோரும் புழங்குகிற சொல் சம்சயம். அவள் வாயிலிருந்து “எனக்கொரு சம்சயம்” என்று வந்துவிட்டால் குறைந்தது பத்து நிமிஷம் போயிற்று என்று அர்த்தம். ஆபீசில் அதுவே அவளுக்குப் பேராகிவிட்டது. சம்சயம் வந்தாயிற்றா, சம்சயம் சாப்பிடப் போயிற்றா என்றுதான் விசாரிப்பார்கள். நிஜப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கேயாவது உட்கார்ந்து வரிக்கு வரி நிறுத்தி இது நடந்ததா என்று சரிபார்ப்பாள். எனக்கு அது தாங்காது.

கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கழக்கூட்டத்துக்கு இன்னொரு பஸ். ஒருநாள் கிழக்கேகோட்டையில் நானும் அவளோடு ஏற வேண்டி வந்தது. பலகையில் கழக்கூட்டம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அவள் டிரைவரிடம் கேட்டாள். பிறகு கண்டக்டரிடம் கேட்டாள். பிறகு உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம், டிரைவர் கேட்காதபடி மெல்லக் கேட்டாள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால்தான் ஏறுவாள். அன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாகச் சொல்லிவிட்டார்கள். அதிலும் அவளுக்கு ஒரு யோசனை வந்ததை முகத்தில் பார்த்தேன். நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஏற்றிவிட்டேன்.

கைக்கடிகாரமும் அப்படித்தான். ஆண்கள் கட்டுகிற பெரிய வட்டக் கடிகாரம், காலமான அவள் அப்பாவுடையது. தினமும் காலையில் ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்துக்கு அதைச் சரி செய்துகொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புவாள். எங்கள் கேட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சேட்டன் காவல் இருந்தார். உள்ளே வருகிறவர்களின் நேரத்தை, தலைக்கு மேலே தொங்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ரிஜிஸ்டரில் அவர்தான் எழுதுவார். நாங்கள் கையெழுத்து மட்டும் போடுவோம். இவள் மட்டும் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே எழுதுவாள். முதல் மாதம் சேட்டன் சண்டை பிடித்தார். எல்லையில் துப்பாக்கியோடு நின்ற தன்னையே ஒரு பெண் நம்பவில்லையே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

கம்ப்யூட்டரிடம் மட்டும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிடுமா என்ன? ஒரு புரோகிராம் வேலை முடிந்தது என்று திரையில் காட்டினால் நாங்கள் டீ குடிக்கப் போவோம். அவள் வேறு வழியாக உள்ளே போய், நிஜமாகவே முடிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். “அது சொல்றது. சொன்னா ஆச்சா?” என்பாள். அதனால் மேனேஜர் எல்லோருடைய கோட்களையும், அதாவது நாங்கள் எழுதும் புரோகிராம் வரிகளை, அவளிடம் சரிபார்க்கக் கொடுத்திருந்தார். வரிக்கு வரி சம்சயம் வரும். இந்த எண் பெரிதானால் என்ன ஆகும், இந்தப் பேர் காலியாக இருந்தால் என்ன ஆகும், இதைச் சோதித்தீர்களா, எப்போது சோதித்தீர்கள், யார் பார்த்தார்கள்? போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதில் பாதி சம்சயம் வெட்டிச் சம்சயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மீதிப் பாதி எங்களைப் பலமுறை காப்பாற்றியது. அதை அன்றைக்கு நான் ஒத்துக்கொண்டதில்லை.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது கல்லாற்றில். ஆபீசே கிளம்பிப் பொன்முடிக்குப் போனோம். வழியில் கல்லாற்றில் இறங்கினோம். கண்ணாடி மாதிரித் தண்ணீர், முழங்கால் ஆழம், வெயில். கடைக்காரர் தாராளமாக இறங்கலாம் என்றார். இவளுக்குச் சம்சயம். மலையில் மழை பெய்திருந்தால் திடீரென்று வெள்ளம் வருமாமே, நேற்று மேலே மழை பெய்ததா என்று இன்னொரு கடையில் கேட்டாள். அவர் தெரியாது என்றார். மூன்றாவது கடை பூட்டியிருந்தது. இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்லவில்லை, முடிந்தது கதை. கரையில் நின்றுகொண்டு இறங்கின ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினாள். மேனேஜருக்கே பயம் தொற்றி, போதும் வாருங்கள் என்றுவிட்டார். ஒரு மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்து ஆற்றை வேடிக்கை பார்த்தோம். ஒரு விரற்கடை தண்ணீர் ஏறவில்லை. வேறு கூட்டத்துப் பிள்ளைகள் எங்கள் கண் முன்னால் குளித்துக் கும்மாளம் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் அடுத்த வாரம் மேனேஜரிடம் போய், என் புது வேலையைச் சரிபார்க்க வேறு யாரிடமாவது கொடுங்கள், இவளிடம் கொடுத்தால் ஓணத்துக்கும் முடியாது என்றேன். அவரும் அவசரத்தில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பையனிடம் கொடுத்தார். அவன் பார்த்தேன் என்றான். பார்த்திருக்கமாட்டான்.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஆபீஸ்களில் சர்வருக்குள் டைரக்டரி என்று ஒன்று இருக்கும். யார் யார் வேலை செய்கிறார்கள், யாருக்கு எந்த உரிமை, கடைசியாக யார் எப்போது லாகின் செய்தார்கள் எல்லாம் அதில் பதிந்திருக்கும். எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, ஒவ்வொருவரும் லாகின் செய்த நேரத்தைப் பட்டியலாக எடுத்துத் தரும் புரோகிராம் வேண்டும். நாங்கள் எழுதியது மேனேஜ்டு கோட். அப்போதுதான் புதிதாக வந்திருந்தது, பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், எழுதுகிறவனுக்குச் சொகுசு. டைரக்டரியின் வாசல்களோ அதற்கு முந்தைய காலத்தில் கட்டியவை. புது மொழி நேரே போய்த் தட்டினால் திறக்காது. நடுவில் இன்டராப் என்று ஒரு துபாஷி நின்று, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கத்துப் பேச்சில் சொல்லி, பதிலை வாங்கி வரும். கரமனைத் தெருவில் வீட்டுக்குள்ளே தமிழும் படியிறங்கினால் மலையாளமுமாக, வாசலில் ஒருவர் நின்று இரண்டு பக்கமும் பேசுவாரே, அந்த வேலைதான்.

நேரத்தை டைரக்டரி நம்மைப் போல மணி, நிமிஷம் என்று வைப்பதில்லை. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியிலிருந்து, நொடியைக் கோடியில் ஒரு பங்காக வெட்டி எண்ணிக்கொண்டே வரும். எண் அவ்வளவு பெரிது. பழைய வாசல் வழியாக அது முழுசாக வராது. மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு துண்டாக வரும். இந்தப் பக்கம் நாம் ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் ஒட்டினேன். நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன், நேரம் சரியாக வந்தது. அதற்குமேல் பார்க்கவில்லை.

மேனேஜருக்கு அந்தப் பட்டியல் ரொம்பப் பிடித்துவிட்டது. வாடிக்கையாளருக்கு அனுப்புமுன் நம் ஆபீசிலேயே ஓடட்டும் என்றார். தினமும் காலை பத்து மணிக்கு ஓடும். நான் அச்செடுத்து அவர் மேசையில் வைப்பேன். அவர் அதைக் கோப்பில் சேர்த்துக்கொள்வார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் நல்ல மழை. ஒன்பது மணிக்கு வாடிக்கையாளரோடு பேச வேண்டியிருந்ததால் கேட்டிலிருந்து ஓடிவந்து, ஈரச் சட்டையோடு உட்கார்ந்து லாகின் செய்தேன். சேட்டன் ரிஜிஸ்டரில் எனக்கு எட்டு ஐம்பத்திரண்டு என்று எழுதியதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பட்டியலில் என் லாகின் எட்டு நாற்பத்தாறு என்று வந்தது. கேட்டுக்கு வருவதற்கு ஆறு நிமிஷம் முன்னாலேயே நான் என் மேசையில் உட்கார்ந்துவிட்டேனாம்! சேட்டனின் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது என்று சொல்வதுதான் சரி. ஆனாலும் மேனேஜர் கண்ணில் பட்டால் கேள்வி வருமே. பட்டியலிலிருந்து என் வரியை மட்டும் அழித்துவிட்டு அச்செடுத்தேன். முப்பது பேரில் ஒரு வரி குறைந்தது யாருக்குத் தெரியப்போகிறது?

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். வாடிக்கையாளரின் ஆட்கள் தணிக்கைக்கு வரப்போகிறார்கள் என்று அவர் பட்டியல்களையும் கேட் ரிஜிஸ்டரையும் வைத்து ஒத்துப் பார்த்திருக்கிறார். இருபது நாளில் பதினொரு நாள், அவள் கேட்டுக்குள் நுழைவதற்கு ஐந்தாறு நிமிஷம் முன்னாலேயே அவள் பேரில் யாரோ லாகின் செய்திருக்கிறார்கள். அப்படியானால் அவள் தன் பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்திருக்கிறாள். வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. திங்கட்கிழமைக்குள் யாரென்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேலையிலிருந்து எடுத்துவிடுவேன், காரணத்தைக் கடிதத்தில் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் காரணத்தோடு ஒரு கடிதம் கையிலிருந்தால் திருவனந்தபுரத்தில் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. வீட்டில் அவள் அம்மாவும் படித்துக்கொண்டிருந்த தம்பியும். சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

கைக்குட்டைக்கு அடியில் விரல் வைத்துத் தட்டுகிறவள் பாஸ்வேர்டைக் கொடுத்தாளாம். ஆபீசில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அத்தனை பத்திரமும் நாடகம்தானோ என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. மற்றவர்களுக்கு ஏன் இப்படி வரவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. நாங்களெல்லாம் கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கான்டீனில் டீ குடித்து, ஊர்க்கதை பேசி, கால் மணி நேரம் கழித்துத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவோம். அவள் ஒருத்திதான் கேட்டிலிருந்து நேரே மேசைக்கு வந்து, ஒன்று இரண்டு நிமிஷத்தில் லாகின் செய்கிறவள். சேட்டனின் கடிகாரத்தைக் குறை சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அவள் நேரத்தை அவளேதானே எழுதுகிறாள், ரேடியோவுக்குச் சரி செய்த கடிகாரத்தைப் பார்த்து!

இந்தக் கடைசி விஷயம் எனக்கு உறைத்தது. என் மழைநாள் ஆறு நிமிஷத்துக்கும் சேட்டனின் கடிகாரம் காரணமில்லை. அன்றைக்கே, அந்த அறைக்குள் போய், எனக்கும் இப்படி ஒருநாள் வந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அழித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று சும்மா இருந்தேன்.

அவள் அழவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, என் புரோகிராமில் ஒரு சம்சயம் என்றாள். நான் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சுள்ளென்று கோபம் வந்தது. மாதக்கணக்காக ஓடுகிறது, யாரும் ஒரு குறை சொன்னதில்லை, உங்களுக்கு வந்ததும் புரோகிராம் தப்பாகிவிட்டதா என்று கேட்டேன். அவள் எழுந்து போனாள். பட்டியல் கோப்பை மேனேஜரிடம் கேட்டு வாங்கினாள். குற்றம் சாட்டப்பட்டவள் கேட்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. பிறகு கேட்டுக்குப் போய், போன மாதத்து ரிஜிஸ்டரைக் கேட்டாள். தன்னை ஒருநாளும் நம்பாத பெண்ணுக்குச் சேட்டன் அதைத் தூக்கிக் கையில் கொடுத்தார். “மோளே, பயப்படண்டா” என்றும் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை முழுதும் கான்டீன் மூலையில் உட்கார்ந்து பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. நாலு மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு போனேன். அவள் தாளை என் பக்கம் திருப்பினாள். கேட் நேரத்துக்கும் லாகின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இருபது நாளுக்கும் வரிசையாக இருந்தது. ஒழுங்கான நாட்களில் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் பின்னால். கெட்ட நாட்களில் ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம் முன்னால். மூன்று நிமிஷம் முன்னால் ஒருநாளும் இல்லை. பத்து நிமிஷம் முன்னாலும் ஒருநாளும் இல்லை. மேசைக்கு வர ஆகும் ஒன்று இரண்டு நிமிஷத்தையும் சேர்த்தால், நல்ல நாளிலிருந்து எப்போதும் ஏழு நிமிஷமே விலகியிருந்தது.

“யாரோ ஒருத்தர் எனக்கு முன்னாடி வந்து லாகின் பண்றார்னா, ஒருநாள் பஸ் தப்பும், ஒருநாள் சீக்கிரம் வருவார். இது வந்தா ஏழு நிமிஷம்தான். மனுஷாளுக்கு இத்தனை ஒழுங்கு வராது, கேட்டேளா.”

தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன். இரண்டு நாள் பாறசாலையில் வீட்டுச் சாப்பாடு இறங்கவில்லை. சர்ச்சில் உட்கார்ந்திருந்தபோதும் மேல் பாதி, கீழ் பாதி என்றே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜரின் அறையில் எல்லாவற்றையும் அவளே ஏற்பாடு செய்திருந்தாள். அவள் கைக்கடிகாரம் ஒன்று, கம்ப்யூட்டரின் கடிகாரம் ஒன்று. மூன்றாவது சாட்சியாகச் சேட்டன் மாடியேறி வந்தார், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மேனேஜருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அவள் நிமிஷத்துக்கு ஒரு தடவை லாகின் செய்வாள். சேட்டன் நேரத்தை உரக்கச் சொல்லுவார். நான் என் புரோகிராமை ஓட்டி, அது என்ன நேரம் காட்டுகிறது என்று படிக்க வேண்டும். பாஸ்வேர்டு அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மேனேஜர், சேட்டன், நான் மூன்று பேரும் தென்னைமரத்தைப் பார்த்தோம். அன்றைக்கும் அவள் அந்தச் சட்டத்தைத் தளர்த்தவில்லை.

பதினொன்று இரண்டு. சரி. பதினொன்று மூன்று, சரி. பதினொன்று நாலு, சரி. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, போதாதா என்கிற மாதிரிப் பார்த்தார். அவள் நாலாவது தடவை லாகின் செய்தாள். சேட்டன் பதினொன்று ஐந்து என்றார். நான் திரையைப் பார்த்தேன். பத்து ஐம்பத்தெட்டு. மேனேஜர் எழுந்து வந்து தானே படித்தார். அடுத்த இரண்டு தடவையும் ஏழு நிமிஷம் முன்னால். பிறகு மறுபடி சரி. மூன்றரை நிமிஷம் ஒழுங்கு, மூன்றரை நிமிஷம் பிசகு என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. பதினைந்து தடவை முடிந்தபோது சேட்டன் தன் கடிகாரத்தைத் துண்டால் துடைத்தார். அதற்கும் ஒரு பாரமிறங்கியது போலிருந்தது.

என் கோட் வரிகளைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கீழ் பாதி எண் ஓர் அளவுக்கு மேல் போனால், துபாஷி அதைக் கழித்தல் குறியோடு கொண்டுவந்து தரும். அது கழித்தல் இல்லை, அப்படித் தெரிகிற பெரிய எண், குறியில்லாத எண்ணாகப் படித்து ஒட்ட வேண்டும் என்று நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் ஒட்டினால், ஏழு நிமிஷம் ஒன்பது நொடி குறைந்துபோகும். ஒரு வரியைத் திருத்தினேன். “இந்த எண் பெரிதானால் என்ன ஆகும்” என்று அவள் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். அவளிடம் இந்தக் கோட் போயிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

மேனேஜர், “போட்டே, பக் அல்லே” என்று, புரோகிராமில் வருகிற பிழைதானே, போகட்டும் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. நானும் கேட்கவில்லை. எப்படியோ முடிந்ததே என்று எனக்கு அழுகை வரும்போல ஒரு நிம்மதி.

அன்று மூன்று மணிக்கு அவள் கோப்பையும் ரிஜிஸ்டரையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். கோப்பை மேனேஜரிடமும் ரிஜிஸ்டரைக் கேட்டிலும் கொடுத்துவிட முடியுமா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இன்றைக்குச் சீக்கிரம் போகிறேன் என்றாள். சரி என்றேன். அவள் போகாமல் நின்றாள். ரிஜிஸ்டரின் மேல் ஒரு கை இருந்தது.

“எனக்கொரு சம்சயம். ஆடியிலே ஒருநாள், நல்ல மழை. அன்னிக்குப் பட்டியல்லே உங்க வரி மட்டும் காணலையே?”

சொல்லியிருக்கலாம். வேலை போகாது என்பது தெரிந்துவிட்டது. மேனேஜரும் பக்கத்தில் இல்லை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. ஆனாலும் என் வாய் முந்திக்கொண்டது.

“அன்னைக்கு நான் லீவுல்லா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எப்போது லீவு, யாரிடம் சொன்னீர்கள், யார் பார்த்தார்கள் என்று வரப்போகிறது என்று காத்திருந்தேன். கைக்கு அடியில் ரிஜிஸ்டர் இருக்கிறது, புரட்டினால் ஒரு நிமிஷ வேலை.

“செரி,” என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று பேரைக் கேட்காமல் பஸ் ஏறாதவள் நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாளே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமைதான், மறைப்பானேன்! அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்து ரிஜிஸ்டரைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. நடுவில் அவளுடைய பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது, தானாகவே அந்த இடத்தில் திறந்துகொண்டது. ஆடி மாதத்து அந்த மழைநாள். எட்டு ஐம்பத்திரண்டு என்று சேட்டனின் எழுத்து. பக்கத்தில் என் கையெழுத்து, ஈரக் கைபட்டு மசி கலங்கி. அதற்கு நேராகப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

நான் கிழிக்கவில்லை. கேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் அங்கே இருந்தாள், பிறகு பெங்களூருக்குப் போனாள். மேனேஜரின் உத்தரவு, அந்த நாளிலிருந்து என் கோட் முழுக்க அவளிடம்தான் சரிபார்க்கப் போகும். மற்றவர்களை எப்போதும் போலக் கூப்பிட்டு வைத்துக் குடைந்தாள். சோதித்தாயா, எப்போது சோதித்தாய், யார் பார்த்தார்கள்? பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னுடையது வந்தால் மட்டும் ஒரு கேள்வியும் கிடையாது. தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தானே ஓட்டிப் பார்த்து, பிழைகளை ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

“எனக்கொரு சம்சயம்” என்று ஒரு தடவையாவது என்னிடம் கேட்கமாட்டாளா என்று எட்டு மாதமும் காத்திருந்தேன். கேட்கவில்லை.